இருபத்தெட்டு நாள் மாதம்

(ஆனைக்குட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெற்றோருடன் தொடர்பு’. நான் பேசப்போவது ரீசார்ஜ் பற்றி. சமூக அறிவியல் எடுக்கிற டீச்சர் செல்போன் கடைக்காரர் மாதிரிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தப் பேச்சே தொடங்குகிறது.

எங்கள் பள்ளியில் ஒரு மாணவி. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றாள். நாம் என்.எம்.எம்.எஸ். என்கிறோமே, அதுதான். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய 48,000 ரூபாய் கிடைக்கும். அவளுடைய அம்மா பயராபீஸில் சரம் பின்னுகிறார். அந்த வீட்டில் 48,000 ரூபாயை மொத்தமாகப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். அதற்கு ஓடிபி வேண்டும். நம் பதிவேட்டில் இருந்த அம்மாவின் எண்ணைப் போட்டேன். ஓடிபி வரவில்லை என்று மாணவி சொன்னாள். மறுநாளும் போட்டேன், வரவில்லை. கடைசியில் அந்த எண்ணை நானே அழைத்துப் பார்த்தேன். ஓர் இளைஞர் எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை பார்க்கிறாராம். “அக்கா, ரெண்டு மாசமா இது என் நம்பர். ஏதோ ஓடிபி வந்துக்கிட்டே இருக்கு. சொல்லவா?” என்று கேட்டார். நல்ல பிள்ளை. ஆனால் ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். “சொல்லாதீங்க தம்பி” என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தீபாவளி முடிந்து பயராபீஸ் அடைத்திருந்த நாட்களில் அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் போடவில்லை. முதலில் பேச முடியாமல் போனது, பிறகு வருகிற அழைப்பும் நின்றது. சில மாதம் கழித்துக் கையில் காசு வந்தபோது கடைக்காரர், பழைய நம்பருக்குப் போடுவதைவிடப் புது சிம் மலிவு என்று சொல்லியிருக்கிறார். இவரும் வாங்கிவிட்டார். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்கு வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த 90 நாளும் கடந்து எண் கோயம்புத்தூர் போய்விட்டது. ஆதாரில் இருப்பதும் வங்கிக் கணக்கில் இருப்பதும் அதே எண்.

அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சிவகாசி போய் ஆதார் மையத்தில் வரிசையில் நின்றார். எண் மாறிவர நாட்கள் ஆயின. விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நீட்டித்ததால் தப்பித்தோம். நீட்டிக்காமல் இருந்திருந்தால் 199 ரூபாய்க்கு 48,000 ரூபாய் போயிருக்கும்.

என் தவறு என்ன என்றால், விண்ணப்பம் பற்றிய அறிவிப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ‘பெற்றோருக்குத் தெரிவித்தாயிற்று’ என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குத் தனியாக அனுப்பிய செய்தியில் பல வாரமாக ஒற்றை டிக் மட்டுமே நின்றதை நான் கவனிக்கவே இல்லை. நம் பள்ளிகள் பெற்றோருடன் பேசுகிற வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோரின் போனுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அந்த வழிக்கு யார் காசு கட்டுகிறார்கள், எவ்வளவு கட்டுகிறார்கள் என்று நாம் பார்க்கவில்லை. அதனால் அந்த விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வான்வழி அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. ஆனைக்குட்டம் அணையில் தேங்கும் அர்ச்சுனா நதித் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ‘எல்லாருக்கும்’ என்று சொல்லும். அலைக்கற்றையும் அப்படித்தான். ஷட்டரை யார் திறப்பது, எவ்வளவு திறப்பது, என்ன விலைக்கு விடுவது என்பதற்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அதற்காக 1997-ல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. டிராய் என்கிறோம். 2003 மே மாதத்திலிருந்து வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. நம் ஊர்களில் செல்போன் பரவியது அதற்குப் பிறகுதான். ‘மிஸ்டு கால் கொடு’ என்ற பழக்கமே அப்போது வந்தது. பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றதைப் பாட இடைவேளைகளில் சொல்லியிருப்போம். பாட்டில் வாங்க முடியாதவரும் அன்றன்றைக்கு வாங்கலாம் என்பதுதான் அதில் இருந்த பொருளாதாரம். பத்து ரூபாய் ரீசார்ஜும் அதே பாக்கெட்தான்.

அந்தப் பாக்கெட் எப்படிக் காணாமல் போனது என்பதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிறுவனத்துக்கு முதல் நிறுவனம் நிமிடத்துக்கு இவ்வளவு பைசா என்று கொடுக்க வேண்டும். இணைப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 14 பைசாவாக இருந்தவரை, ரீசார்ஜே போடாமல் வருகிற அழைப்பை மட்டும் எடுக்கிற பாட்டிகூட நிறுவனத்துக்கு வருமானம் கொடுத்தார். அவர் போன் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் எதிர் நிறுவனத்திடமிருந்து காசு வந்தது. 2017 அக்டோபரில் டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2021 ஜனவரியிலிருந்து அதுவும் கிடையாது. அழைப்பின் விலை குறைய வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் கணத்திலிருந்து பாட்டி நிறுவனத்துக்குச் செலவு. கோபுரத்துக்கு மின்சாரம், டீசல், இட வாடகை எல்லாம் பாட்டி பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்கு நடுவே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. 2014-ல் ஒரு ஜிபி சராசரியாக 269 ரூபாய் என்றும் இப்போது 10 ரூபாய்க்கும் கீழே என்றும் அரசின் கணக்கு சொல்கிறது. உலகத்திலேயே மலிவான டேட்டா உள்ள நாடுகளில் ஒன்று நம் நாடு என்று பெருமையாகப் பேசுகிறோம், அது உண்மைதான். ஆனால் அந்தப் போட்டியைத் தாங்காமல் பல நிறுவனங்கள் விழுந்தன. தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் முடங்கியது நினைவிருக்கும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஒரு காலத்தில் நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. இன்று மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் பி.எஸ்.என்.எல்.-லும்தான்.

2018 கடைசியில் இரண்டு பெரிய நிறுவனங்கள், மாதம் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு இருக்கும் என்று கொண்டுவந்தன. இணைப்புக் கட்டணம் குறைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நம் பகுதிக்கு அந்த மாதம் இன்னொன்றுக்காக மறக்காது. 2018 அக்டோபர் 23-ல் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, நவம்பரில் அடைத்த ஆலைகள் மறு ஆண்டு மார்ச் வாக்கில்தான் திறந்தன. சம்பளமே இல்லாத அந்த மாதங்களில்தான் ‘சும்மா வைத்திருக்கிற போனுக்கும் மாதக் கட்டணம்’ என்பது நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் வந்து விழுந்தது ஒரே வீட்டில்.

அந்த 35 ரூபாய், படிப்படியாக ஏறி, 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணம் உயர்த்தியபோது 199 ஆனது. ஒரு நிறுவனத்தில் 189. அதாவது ஒரு ஜிபியின் விலை இறங்கிக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில், வாசலுக்குள் நுழைகிற விலை ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவு, ஆனால் படிக் கணக்கில் விற்க மாட்டேன் என்கிற கடை மாதிரி. மூட்டை வாங்க முடிந்த வீடுகள் பயன்பெறுகின்றன. நாமெல்லாம் அந்த வீடுகள்தான்.

விலையை டிராய் கட்டுப்படுத்தாதா என்று கேட்பீர்கள். செல்போன் கட்டணத்தைப் பொறுத்தவரை, நிறுவனங்களே விலையை வைத்துக்கொண்டு ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும் என்ற முறைதான் பல ஆண்டுகளாக இருக்கிறது. போட்டி இருந்தால் விலை தானாகவே அடங்கும் என்பது இதன் நம்பிக்கை. பத்துக்கும் மேற்பட்டோர் இருந்தபோது அது நடந்தது. மூன்று பேர் இருக்கும்போது, ஒருவர் உயர்த்திய மறுநாளே மற்றவரும் உயர்த்துகிறார். 2024 ஜூலையில் அதைத்தான் பார்த்தோம். அதே சமயம் நிறுவனங்களின் பக்கமும் கணக்கு இருக்கிறது. 2022-ல் 5ஜி ஏலத்தில் அலைக்கற்றைக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட தொகை 1.5 லட்சம் கோடி ரூபாய். அதை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்.

இப்போது அந்த 28 நாளுக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடித்து அனுப்புகிற சிவகாசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாம் 28 நாளை ஒரு மாதம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்! 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை. 199 ரூபாய் வீதம் 2,388 ஆக வேண்டியது 2,587 ஆகிறது. பலர் முறையிட்ட பிறகு 2022 ஜனவரியில் டிராய் ஓர் ஆணை போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் ஒன்றும் இருக்க வேண்டும் என்றது. இன்றும் அவை இருக்கின்றன. கடையில் கேட்டால்தான் சொல்வார்கள்.

இதை நான் எட்டாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். கணித ஆசிரியர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் 13 முறை என்று கண்டுபிடித்து ‘ஏமாத்துறாங்க டீச்சர்’ என்று கொதித்தார்கள். நானும் மகிழ்ந்துபோனேன். அப்போது பின் வரிசையில் ஒரு பையன், “டீச்சர், எங்க வீட்டுக்கு 28 நாள்தான் வசதி” என்றான். ஏன் என்றேன். “சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை போட்டா சனிக்கிழமையே முடியும். 30 நாள்னா நடு வாரத்துல முடியும், கையில காசு இருக்காது.”

எனக்குச் சில நொடி பதில் வரவில்லை. 28 ஏழின் மடங்கு. நான்கு வாரம். வாரக் கூலி வாங்குகிற வீட்டுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. மாதச் சம்பளம் வாங்குகிற எனக்குத்தான் பொருந்தவில்லை. 2022 ஆணை தீர்த்து வைத்தது என் மாதிரி ஆட்களின் குறையை. அந்தப் பையனின் வீட்டுக் குறை நாள் கணக்கில் இல்லை, ஒரே தடவையில் 199 ரூபாய் எடுத்து வைக்க வேண்டியதில் இருக்கிறது. வாரத்துக்கு 50 ரூபாய் என்றால் அவர்கள் கட்டிவிடுவார்கள். குழுக் கடனை அப்படித்தான் கட்டுகிறார்கள், சீட்டை அப்படித்தான் கட்டுகிறார்கள்.

அடுத்த விதியிலும் இதே கதைதான். டேட்டா வேண்டாம், பேச்சும் குறுஞ்செய்தியும் போதும் என்பவர்கள் ஏன் டேட்டாவுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்ற கேள்வி இருந்தது. பட்டன் போன் வைத்திருக்கிற தாத்தா பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் டிராய், பேச்சு மற்றும் குறுஞ்செய்திக்கு மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் கொண்டுவர வேண்டும் என்று விதி செய்தது. அதன் காலம் 365 நாள் வரை இருக்கலாம் என்றும் சொன்னது. பத்து ரூபாய் டாப்-அப் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. நல்ல விதி. 2025 ஜனவரியில் திட்டங்களும் வந்தன. 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி, ஓராண்டு அளவுக்கு 1,700, 1,800 ரூபாயை ஒட்டி. ஒரு நாளுக்கு என்று வகுத்துப் பார்த்தால் 199-ஐவிடக் கட்டாயம் மலிவு. ஆனால் 450 ரூபாய் ஒரே நாளில் வேண்டும். விதி ‘மலிவாகக் கொடு’ என்றது. ‘சிறிதாகக் கொடு’ என்று சொல்லவில்லை. பத்து ரூபாய் டாப்-அப்பும் இருக்கிறது, ஆனால் அது பேலன்ஸை ஏற்றுமே தவிர வேலிடிட்டியை நீட்டாது.

நம் 199 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும் 30 ரூபாய்க்கு மேல் போகிறது. மீதியில் நிறுவனத்தின் வருவாய்க் கணக்கிலிருந்து 5 சதவீதம் ஒரு நிதிக்குப் போகிறது. கிராமங்களுக்கும் எட்டாத இடங்களுக்கும் தொலைத்தொடர்பைக் கொண்டுசெல்வதற்கான நிதி. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் மாற்றினார்கள். ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடுகிற பாரத்நெட் இந்த நிதியில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக 12,525 ஊராட்சிகளை இணைப்பது திட்டம். வேண்டிய பணிதான். ஆனால் கேபிளும் கோபுரமும் ஊருக்கு வந்தால் மட்டும் போதாது. நம் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் சிக்னல் இருக்கிறது, வேலிடிட்டிதான் இல்லை. அமெரிக்காவில் 1985-லிருந்து ‘லைஃப்லைன்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. வருமானம் குறைந்த வீடுகளின் தொலைபேசிக் கட்டணத்தில் மாதாமாதம் ஒரு பகுதியை நிதியிலிருந்து கழிக்கிறார்கள். கேரளத்தில் 2023-ல் தொடங்கிய கே-ஃபோன் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பை இலக்காக வைத்திருக்கிறது. நம் நிதியிலிருந்தும் ஒரு பங்கு, பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிற கூலி வீட்டின் ரீசார்ஜுக்குப் போகலாம் என்பது என் கருத்து. பொருளாதாரம் படித்தவர்கள் இதில் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஆன்லைன் வகுப்பு என்று பேசிக்கொண்டிருந்தபோது, நம் பகுதியில் அதிகப் பிள்ளைகளை எட்டியது கல்வித் தொலைக்காட்சிதான். கேபிள் டிவி வீட்டில் ஏற்கெனவே இருந்தது, தனியாக ஜிபி கட்ட வேண்டியதில்லை. அதிலிருந்து நாம் பாடம் கற்றோமா என்றால், பள்ளி திறந்ததும் எல்லா அறிவிப்பையும் வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டோம்.

நம் பகுதியில் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நாள் மதியம் மூன்றாம் பாடவேளை முடிகிற நேரம். தூரத்தில் ஒரு சத்தம். நம் பிள்ளைகளுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறை வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். என் போனையும் மற்ற ஆசிரியர்களின் போனையும் கொடுத்தோம். பயராபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், தீப்பொறிக்குப் பயந்த இடம். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கோ வேன் ஓட்டுநருக்கோதான் அழைப்பார்கள். ஒவ்வொருவராகப் பேசிவிட்டுப் போனார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். ‘தாங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை.’ திரும்பத் திரும்ப அதையே அழைத்தான். விபத்து வேறு பக்கம் என்றும், அவன் அம்மா அன்று வேலைக்கே போகவில்லை, வீட்டில்தான் இருந்தார் என்றும் தெரிய இரண்டு மணி நேரம் ஆனது. பக்கத்து வீட்டு எண் எங்களிடம் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் பதிவேட்டை மாற்றினோம். பெற்றோர் எண்ணுக்குப் பக்கத்தில் அக்கம்பக்கத்தில் ஒருவர் எண், வேன் ஓட்டுநர் அல்லது போர்மேன் எண் என்று இரண்டு கட்டம் சேர்த்தோம். போர்மேனுக்கும் உள்ளே போன் கிடையாது என்பார்கள். அலுவலக அறைத் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினோம். ‘வாட்ஸ்அப் உண்டா, அழைப்பு மட்டுமா, இப்போதைக்கு இரண்டும் இல்லையா’ என்று ஒரு குறி. இதைப் பிள்ளைகளிடம் வகுப்பில் எழுப்பிக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தோம். தனியாக, பெற்றோரிடம்தான். எந்த அறிவிப்பும் முதலில் நாட்குறிப்பில் எழுதப்பட்டு, பெற்றோர் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் போடுவது அதன் நகல்தான். இன்னொரு சின்ன விஷயம். சுற்றறிக்கையைப் படம் பிடித்து அனுப்புவதை நிறுத்தி, நான்கு வரியாகத் தட்டச்சு செய்கிறோம். கண்ணாடி உடைந்த போனில் படிக்க முடிகிறது, டேட்டாவும் மிச்சம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கால் மணி நேரம் ரீசார்ஜ் பற்றிப் பேசினேன். ஆதாரிலும் வங்கியிலும் இருக்கிற எண்ணை விட்டுவிட்டுப் புது சிம் வாங்காதீர்கள், கட்டணம் பிடிக்கவில்லை என்றால் அதே எண்ணோடு நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம், அந்த உரிமை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது என்று சொன்னேன். பலருக்கு அது தெரியும், ஏர்செல் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பேச்சு மட்டும் திட்டம் இருப்பது அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. சேவைக் குறைபாட்டுக்கு நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, அங்கேயும் தீரவில்லை என்றால் மேல்முறையீடு என்ற வழி இருப்பதையும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னேன். ஓர் அம்மா, “ஆணையத்துக்குப் போக ஒரு நாள் கூலி போகுமே டீச்சர்” என்றார். போகும்தான்.

இன்னொரு வழி, கூலி போகாத வழி, இருக்கிறது. டிராய் ஒரு விதியைக் கொண்டுவருவதற்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று காலம் கொடுக்கிறது. 2015-ல் எல்லா இணையதளமும் ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டுமா என்ற கேள்விக்கு நாடெங்கும் இருந்து சுமார் 10 லட்சம் மின்னஞ்சல்கள் போயின. மறு ஆண்டு பிப்ரவரி 8 அன்று, இணையதளத்துக்கு இணையதளம் வேறு வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. ஒரு சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கிற ஏற்பாடு அதோடு நின்றது. 2024 டிசம்பர் விதிக்கும் முன்பாக அதே ஆண்டு ஜூலையில் ஒரு கலந்தாய்வு அறிக்கை வந்தது. அப்போது நம்மில் யாராவது எழுதினோமா? நான் எழுதவில்லை. அப்படி ஒன்று வந்ததே எனக்குத் தெரியாது.

குடிமையியல் பாடத்தில் நாம் சட்டமன்றம், நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று நடத்துகிறோம். ஒழுங்குமுறை ஆணையங்கள் என்ற ஒன்றை வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஒரு கூலி வீட்டின் மாதச் செலவில் நேரடியாகக் கை வைக்கிற விதிகள் பல அங்கேதான் உருவாகின்றன. மின்கட்டணமும் அப்படி ஓர் ஆணையத்தில்தான் முடிவாகிறது. தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதச் சொல்லும்போது தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் எழுதச் சொல்கிறோம். இந்த முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை டிராய்க்கு எழுதச் சொன்னேன். முப்பத்தொரு கடிதம். பெரும்பாலானவை நான் சொன்னதையே எனக்குத் திருப்பித் தந்தவை. பின் வரிசைப் பையனின் கடிதம் ஐந்து வரிதான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை 50 ரூபாய்க்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் இருக்கிற பேக் வேண்டும், மழையால் வேலை இல்லாத வாரத்தில் போன் பேசாவிட்டாலும் வருகிற அழைப்பு நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தான். ஒற்றுப் பிழைகளைத் திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. தலைமையாசிரியர் முகப்புக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வரும் வாரம் அனுப்பப் போகிறோம். உங்கள் பள்ளிகளிலிருந்தும் கடிதம் சேர்ந்தால் ஒரே உறையில் வைத்துவிடலாம். வேலை இல்லாத வாரத்தில் உங்கள் பிள்ளைகள் வீட்டில் போனுக்கு என்ன ஆகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் சொன்ன மாணவிக்கு உதவித்தொகை வரத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுபடியும் ஓடிபி வரும். அவள் அம்மாவின் இப்போதைய எண்ணுக்கு வேலிடிட்டி முடிகிற நாள், தீபாவளிக்குப் பின் ஆலை அடைத்திருக்கும் வாரத்தில் விழுகிறது. என் மேசையில் இருக்கிற சிவகாசிக் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.